மறுபடியும் நிற்பவர் சொல்ல வேண்டிய காரணம்



தேர்தல் நெருங்கினால் நம் கடைவாசலுக்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது. ஐந்து வருடமாக ஜீப் நிற்காத பஜாரில் ஜீப் நிற்கிறது. "அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா? யாவாரம் எப்படி?" என்று கேட்டபடியே ஒருவர் படியேறுகிறார். சரக்கு நிறுத்துக் கொண்டிருக்கும் பையன் தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான். வந்தவர் புதிதாக நிற்பவர் என்றால் நமக்குச் சங்கடம் இல்லை. அவரோடு நமக்குக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. ஆனால் ஏற்கெனவே சட்டசபையில் ஐந்து வருடம் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு நம் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. பழைய பாக்கியைப் பார்க்காமல் புதுச் சரக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மில் எவருக்கும் கிடையாது. ஓட்டு விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தை ஏனோ மறந்து விடுகிறோம்.

அப்படி மறுபடியும் வருகிறவர்களில் ஒரு வகையினர் மீது வணிகர்களாகிய நமக்கு எப்போதும் ஒரு சாய்வு உண்டு. "பெரிய மாற்றமெல்லாம் செய்ய நான் வரவில்லை. இருப்பதைக் கெடாமல் காப்பாற்றுவேன். வரியை ஏறவிட மாட்டேன். அதிகாரிகளின் கெடுபிடியைக் குறைப்பேன். சாராயத்தை ஒழிப்பேன். பெரியவர்கள் காட்டிய வழியில் போவேன்" என்று பேசுகிறவர்கள் அவர்கள். பத்திரிகைகள் இவர்களைப் பழைமைவாதிகள் என்று எழுதும். நமக்கு அந்தச் சொல் வசவாகப் படுவதில்லை. தாத்தா வாங்கிய அதே மண்டியில் சரக்கு எடுத்து, அப்பா உட்கார்ந்த அதே கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் முகம் பார்த்துக் கடன் எழுதுகிற நமக்கு, நாளைக்கும் இன்று போலவே இருந்தால் போதும் என்று சொல்கிறவர் நம்மவராகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அவர் சொல்லும் காரணம் நின்று பிடிக்கிறதா என்பதைக் கொஞ்சம் பின்னே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் தொகுதியே போதும்.

ராஜபாளையம் பி. எஸ். குமாரசுவாமி ராஜாவை இன்றைய இளைய வணிகர்கள் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த பெரிய மாகாணம் அது. அவர் காந்தியவாதி. மதுவிலக்கை விடாதவர். கோவில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் அவர் ஆட்சியில்தான் 1950-ல் வந்தது. ராஜபாளையத்தில் தாம் குடியிருந்த வீட்டையே பொதுக்காரியத்துக்கு எழுதி வைத்தார். காந்தி கலை மன்றம் என்ற பெயரில் அது நிற்கிறது. கை சுத்தம், எளிமை, மரபில் பற்று என்று நாம் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் எதிர்பார்க்கும் லட்சணங்கள் அத்தனையும் அவரிடம் இருந்தன.

1952 பொதுத்தேர்தலில் அவர் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்றார். முதலமைச்சர், சொந்த மண், கறைபடாத பெயர். தோற்றுப் போனார். அவர் மட்டுமல்ல, அவர் அமைச்சரவையில் இருந்த பக்தவத்சலம் உள்படப் பலர் தோற்றார்கள். மொத்தம் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 தான் கிடைத்தது.

தோல்விக்கு அரசியல்வாதிகள் பல காரணம் சொல்வார்கள். மளிகைக்கடைக்காரனுக்கு ஒரு காரணம் முதலில் கண்ணில் படும். அது அரிசி. யுத்த காலத்தில் வந்த ரேஷனும் உணவுக் கட்டுப்பாடும் யுத்தம் முடிந்து ஆறேழு வருடம் ஆகியும் போகவில்லை. மழையும் தொடர்ந்து பொய்த்தது. நெல் விளைவித்தவன் இஷ்டப்படி விற்க முடியாது, வியாபாரி லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடியாது, ஒரு மாவட்டத்து நெல்லை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டு போகப் பர்மிட் வேண்டும். கியூவில் நின்ற ஜனங்கள் ஆட்சியில் இருப்பவரின் நல்ல குணத்தை நினைத்து ஓட்டுப் போடவில்லை, ரேஷன் அளவை நினைத்துப் போட்டார்கள். நம் மூத்த உறுப்பினர்கள் சிலர் தங்கள் தகப்பனார் சொல்லக் கேட்டதை இப்போதும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மூட்டை அரிசியை மாட்டு வண்டியில் கொண்டு வருவதற்குள், திருட்டுச் சாமான் கடத்துவது போல நெஞ்சு அடித்துக் கொள்ளுமாம். நேர்மையான வியாபாரிக்கே அந்தப் பயம்.

அதன் பிறகு நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. மெஜாரிட்டி இல்லாத நிலையில் காங்கிரஸ் ராஜாஜியை அழைத்தது. அவர் தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமனம் செய்தார். அந்த வழியில் முதலமைச்சரான ராஜாஜி, பதவிக்கு வந்து இரண்டே மாதத்தில், 1952 ஜூனில், உணவுத் தானியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அரிசி பதுங்கிவிடும், விலை வானத்துக்குப் போய்விடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. டில்லியில் உணவு மந்திரியாக இருந்த ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். வியாபாரியை நம்பி எடுத்த முடிவு அது. நம் தொழிலுக்குச் சுதந்திர இந்தியாவில் இந்த மாகாணத்தில் செய்யப்பட்ட பெரிய நன்மை எது என்று கேட்டால், இன்றும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கவனியுங்கள். நல்லவரான குமாரசுவாமி ராஜா ஓட்டுக் கேட்டு நின்றார், கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. ஓட்டே கேட்காத ராஜாஜி எடுத்தார். அப்படியானால் ஓட்டுக் கேட்காதவரே மேல் என்று சொல்லி விடலாமா? முடியாது. அதே ராஜாஜி, யாரையும் கலக்காமல் 1953-ல் அரை நேரப் பள்ளித் திட்டத்தைக் கொண்டு வந்தார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-ல் பதவியை விட்டு இறங்கினார். நம் விருதுநகர்க் காமராஜ் முதலமைச்சரானார். ஜனங்களிடம் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவருக்கு நல்லதைச் செய்வதும் எளிது, தப்பைச் செய்வதும் எளிது. மறுபடியும் கடைவாசலுக்கு வர வேண்டும் என்ற பயம் ஒரு மனிதருக்கு இருப்பதே நல்லது.

ராஜாஜியின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை நாமே அடிக்கடி மறைத்து விடுகிறோம். இந்தியாவிலேயே முதன்முதலாக எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரியைப் போட்டவர் அவர்தான். 1937-ல் முதல் முறை ஆட்சிக்கு வந்ததும் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அரசாங்கத்துக்குக் கலால் வருமானம் குறைந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஆரம்பித்தார்கள். குடி ஒழியட்டும், அதற்காக வியாபாரி கொஞ்சம் தாங்கிக் கொள்ளட்டும் என்பது அன்றைய நியாயம். அந்த நியாயத்தில் பழுதில்லை. குடிக்குப் போகும் காசு குறைந்தால் மளிகைக்கு வரும் காசு கூடும் என்பது நமக்கும் தெரியும்.

பின்னால் என்ன ஆயிற்று? 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, தொண்ணூறு வயது தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிப் போனார் என்பது நாடறிந்த செய்தி. 1974-ல் கடைகளை மூடினார்கள், 1981-ல் மறுபடியும் திறந்தார்கள். 2003-ல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக் கொண்டது. 2023-24-ல் அதன் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கள்ளுக்கடையை மூடுவதற்காக வந்த வரி, கடை திறந்த பிறகாவது போயிற்றா? 1959-ல் புதுச் சட்டமாயிற்று, 2007-ல் வாட் ஆயிற்று, 2017-ல் ஜி.எஸ்.டி. ஆயிற்று. இப்போது இரண்டும் இருக்கின்றன. குடியை ஒழிப்பேன், வரியைக் குறைப்பேன் என்று ஒரே மூச்சில் சொல்கிறவரிடம், ஒன்றின் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவீர்கள் என்று கேட்க நமக்கு எண்பது வருடத்து நியாயம் இருக்கிறது.

இனி, இந்த மாதிரிக் கொள்கையோடு சட்டசபையில் இருந்துவிட்டு மறுபடியும் ஓட்டுக் கேட்டு ஜெயித்த ஒருவரையும் பார்த்து விடுவோம். 1959-ல் எண்பது வயதில் ராஜாஜி சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் போட்ட பெயர் நம் பஜார்களில் பழமொழி போலப் புழங்கியது. 1967-ல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து அந்தக் கட்சி தமிழக சட்டசபையில் 20 இடம் பிடித்தது. அந்தத் தேர்தலிலும் அரிசிதான் பேசியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விருதுநகரில் காமராஜரே தோற்றார். அந்த 20 பேரில் ஒருவர் சென்னை பூங்கா நகரில் ஜெயித்த டாக்டர் எச். வி. ஹண்டே. கடைத்தெருக்கள் நிறைந்த வட்டாரம் அது.

1971-ல் நிலைமை தலைகீழ். ராஜாஜி, காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார். தி.மு.க. 180-க்கும் மேற்பட்ட இடங்களை அள்ளியது. சுதந்திராக் கட்சி ஆறு இடத்துக்கு இறங்கியது. அந்த ஆறில் பூங்கா நகர் ஒன்று. ஹண்டே மறுபடியும் ஜெயித்தார். நாங்கள் ஆட்சிக்கு வருவோம், ரோடு போடுவோம், பாலம் கட்டுவோம் என்று சொல்ல அந்தக் கட்சிக்கு வழி ஏது? எதிர்த்து நின்று கேள்வி கேட்க சபையில் ஓர் ஆள் வேண்டும் என்பது ஒன்றுதான் அவரால் சொல்லக் கூடிய காரணமாக இருந்திருக்க முடியும். பூங்கா நகர்க்காரர்களுக்கு அது போதுமானதாகத் தோன்றியிருக்க வேண்டும். அவரும் சபையில் சும்மா இருக்கவில்லை. இது மூன்றாந்தர ஆட்சி என்று அவர் சொன்னதும், இல்லை, நான்காந்தர மக்களின் ஆட்சி என்று கருணாநிதி திருப்பியதும் இன்றுவரை மேடைகளில் பேசப்படுகின்றன. அந்த வாதத்தில் ஜெயித்தது முதல்வர்தான் என்று எண்ணுகிறோம். வாய்வீச்சில் மேல்தட்டு வாசனை அடித்தால் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்பதைப் பழைமை பேசுகிறவர்கள் அடிக்கடி மறந்து போகிறார்கள்.

பின்னாளில் அவர் அண்ணா தி.மு.க.வில் சேர்ந்து எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார மந்திரியானார். 1981-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது அதே அரசுதான். குறை சொல்வதற்காக எழுதவில்லை. தனியாக எதிரணியில் உட்கார்ந்து 'வேண்டாம்' என்று சொல்வது வேறு, ஆளும் வரிசையில் உட்கார்ந்து அதையே சொல்வது வேறு. மறுபடியும் நிற்பவர் எந்த வரிசையில் இருந்துவிட்டு வருகிறார் என்பதையும் சேர்த்துத்தான் அவர் சொல்லும் காரணத்தை நிறுக்க வேண்டும்.

கட்சிக்காரர்களை ஏன் நம்ப வேண்டும், கடைக்காரர் வீட்டுப் பிள்ளையே நிற்கட்டும் என்று நம் கூட்டங்களில் சிலர் சொல்கிறார்கள். சீமையில் அப்படி ஒருவர் வந்தார். மார்கரெட் தாட்சர் கிராந்தம் என்ற ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. வீட்டுச் செலவைக் கணக்குப் பார்ப்பது போல நாட்டுச் செலவைப் பார்ப்பேன் என்ற தோரணையில் 1979, 1983, 1987 என்று மூன்று முறை கட்சியை ஜெயிக்க வைத்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு தலைக்கு இவ்வளவு என்று உள்ளூர் வரி போட்டார். அதே 1990-ல் கடைகளின் சொத்து வரியும் நாடு முழுவதற்கும் ஒரே விகிதமாக மாற்றப்பட, சிறுகடைக்காரர் பலருக்கு வரி எகிறியது. அந்த வருடக் கடைசியில் பதவியை விட்டார். மளிகைக்கடையில் பிறந்தவர் கையாலும் மளிகைக்கடைக்காரருக்கு வரி ஏறும்.

சரி, இன்றைக்கு நம் ஊர் நிலைமைக்கு வருவோம். இப்போது ஒரு சட்டமன்ற உறுப்பினர் "வரியைக் குறைப்பேன்" என்று சொன்னால் அதில் எவ்வளவு அவர் கையில் இருக்கிறது? 2017 ஜூலைக்குப் பிறகு நம் துவரம்பருப்புக்கும் சோப்புக்கும் வரி விகிதம் நிர்ணயிப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். அங்கே ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மீதி எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. 2022 ஜூலையில் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் மாவுக்கும் 5 சதவீதம் வந்தபோது, நம் தொகுதிப் பிரதிநிதியைக் கேட்டு வரவில்லை. அதனால், அந்த வாக்குறுதியைக் கேட்டு நாம் தலையாட்டுவதில் அர்த்தமில்லை.

ஆனால் அவர் கையில் ஒன்றுமே இல்லை என்றும் எண்ணி விடாதீர்கள். டீசல் மீது மாநில அரசு வரி போடுகிறது. விருதுநகரிலிருந்து வத்திராயிருப்பு வழியாக நமக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையின் லாரி வாடகையிலும் அது இருக்கிறது. விற்பனைக்கூடச் செஸ் மாநிலச் சட்டம். பேரூராட்சிக் கடை வாடகை, தொழில் உரிமக் கட்டணம், சொத்து வரி எல்லாம் மாநில அரசின் உத்தரவுப்படிதான். 2022-ல் சொத்து வரி ஏறியது, அதே வருடம் செப்டம்பரில் கரண்ட் கட்டணமும் ஏறியது. பிரிட்ஜ் வைத்துப் பால், தயிர், ஐஸ் விற்கிற சின்னக் கடைக்காரர் அந்த இரண்டையும் எப்படித் தாங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் பைக்குத் தடை 2018 ஜூனில் 110-ஆவது விதியின் கீழ் சபையில் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 110-ல் அறிவித்தால் அதன் மீது விவாதம் கிடையாது. தடை நல்லதுதான், நாம் எதிர்க்கவில்லை. மாற்றுப் பை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று சபையில் ஒருவர் கேட்டிருக்கலாம். 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலையாட்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளுக்கு அது நியாயமான சட்டம். ஆனால் அது நிறைவேறும் முன்பு நம் சங்கத்தில் அது பற்றித் தெரிந்திருந்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே குற்றம் நம் மீதும்தான். ஒரு தேர்தலில் நாமே ஒருவருக்குச் சங்கத்தின் பெயரால் ஆதரவு சொன்னோம். எந்தத் தேர்தல், எவர் என்பது வேண்டாம். அவர் ஜெயித்தார். அடுத்த ஐந்து வருடத்தில் அவரைப் பார்க்க நாம் போன சமயங்களை எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருமுறை ஓர் அதிகாரியை மாற்றச் சொல்லப் போனோம். ஒருமுறை சோதனைக்கு வந்தவர்கள் எடுத்துப் போன சரக்கை விடச் சொல்லிப் போனோம். இருமுறை கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனோம். சபையில் எந்த மசோதாவுக்குக் கை தூக்கினீர்கள், எதற்கு வாய் திறந்தீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சிபாரிசு கேட்டோம், சிபாரிசு கிடைத்தது. அடுத்த முறை அவர் வந்தபோது, உங்களுக்கு எவ்வளவு செய்திருக்கிறேன் என்று அந்தச் சிபாரிசுகளையே காரணமாகச் சொன்னார். நாமும் பதில் பேச முடியாமல் டீ வரவழைத்தோம்.

குமாரசுவாமி ராஜாவிடம் அன்றைய வியாபாரிகள் போய், ஐயா, உங்கள் நேர்மையில் எங்களுக்குச் சந்தேகமில்லை, இந்தப் பர்மிட்டை எப்போது எடுப்பீர்கள், அதைச் சொல்லி ஓட்டுக் கேளுங்கள் என்று உரக்கக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அவர் எடுத்திருப்பாரோ, மாட்டாரோ. தோற்ற பிறகு ஒரிசாவுக்குக் கவர்னராகப் போனார், 1957-ல் காலமானார். நம் மண்ணிலிருந்து போன ஒரு முதலமைச்சரை அரிசி மூட்டை தோற்கடித்தது. எடுத்திருந்தால் அந்தப் பெயர் ராஜாஜிக்குப் போகாமல் ராஜபாளையத்துக்கு வந்திருக்கும்.

ஆகவே வரும் மாதக் கூட்டத்தில் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். இனிச் சங்கத்தின் பெயரால் எந்தக் கட்சிக்கும் ஆதரவுத் தீர்மானம் வேண்டாம். உறுப்பினர்கள் அவரவர் மனப்படி ஓட்டுப் போடட்டும். ஏற்கெனவே சபையில் இருந்துவிட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், பழைமை பேசினாலும் புதுமை பேசினாலும், சால்வை போடுவதற்கு முன் அவர் கையில் ஒரு தாள் கொடுப்போம். இந்த ஐந்து வருடத்தில் வியாபாரத்தைத் தொடும் எந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டளித்தீர்கள், எதை எதிர்த்தீர்கள். விட்டுப்போன வேலை எது, அதை உங்களால்தான் முடிக்க முடியும் என்பதற்கு என்ன ஆதாரம். மதுக்கடையைக் குறைப்பதென்றால் அந்த வருமானத்துக்குப் பதில் யார் தலையில் கை வைப்பீர்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தரட்டும். தந்தால் அப்படியே நம் இதழில் அச்சிடுவோம். தராவிட்டால் அவர் பெயருக்கு நேரே வெற்றிடம் விட்டு அச்சிடுவோம்.

தாளில் சேர்க்க வேறு கேள்வி இருந்தால் உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்னதாகவே செயலாளரிடம் எழுதித் தரலாம். சிட்டைத் தாளில் எழுதினாலும் போதும்.